முயலுக்கு விழுந்த முதல் இலை

"அம்மா, மொச்சை புல்லைத் தின்ன மாட்டேங்குது."

சொன்னவர் திருமேனி. குரலில் கவலை இருந்தது. முகத்தில் அவ்வளவாக இல்லை.

அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு நாளா. மோந்து பாக்குது, மூஞ்சியைத் திருப்பிக்குது. கடலைக்கொடி போட்டாலும் அதே கதைதான்."

"எதைப் போட்டாலும் தின்னுக்கிட்டிருந்தானே?"

"அதாம்மா எனக்கும் புரியல."

அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அந்த முயல் ஏன் புல்லை வெறுத்தது என்று அந்த மடத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, திருமேனி. எதையும் துருவிப் பாக்கற ஆளு நீங்கதான்."

இப்படித் தன் தலையிலேயே வந்து விழும் என்று திருமேனி எதிர்பார்க்கவில்லை. "சரிம்மா" என்றார்.

கரட்டூர் மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். பெரிய மடமெல்லாம் இல்லை. ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, ஒரு பந்திக்கூடம், பத்துப் பதினைந்து பேர். அம்மாதான் குரு. வயது நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கலாம். திருமேனி அவரைவிட ரொம்ப மூத்தவர். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இங்கே வந்து சேர்ந்தார். தன்னைவிட இளைய ஒருத்தரை "அம்மா" என்று கூப்பிட அவருக்கு ஒரு நாளும் கூச்சம் வந்ததில்லை. அந்த அளவுக்கு நல்ல மனுஷர்தான்.

மடத்துக்கு விதி என்று ஒன்றுதான் உண்டு. பந்தியில் உட்கார்ந்தால் எதையும் கேட்கக் கூடாது, எதையும் மறுக்கக் கூடாது. உப்புக் குறைந்தாலும் கேட்காதே. பாகற்காய் விழுந்தாலும் மறுக்காதே.

அந்த விதியை யார் நன்றாகக் காக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு முதல் இலை. அதை மட்டும் அம்மா தன் கையால் போடுவார். மற்ற இலைகளைச் சமையல் பரிமளம் போட்டுக்கொண்டு போவாள்.

ஒரு நாள் பரிமளம் நினைவில்லாமல் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். எல்லோரும் தண்ணீர் கேட்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தார்கள். திருமேனி மட்டும் முகம் சுளிக்காமல் முழுசாகக் குடித்து முடித்தார். மறுநாளிலிருந்து முதல் இலை அவருக்கு. பிறகு வருஷக்கணக்காக அவருக்கேதான். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காருவதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை. தாசில்தார் நாற்காலி போனதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

அப்போதுதான் முயல் வந்தது.

டவுனில் யாரோ வீடு மாற்றிப் போனவர்கள் கம்பிக்கூண்டோடு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளை முயல். இடது காதில் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு பழுப்பு மறு. அதனால் மொச்சை. புல், கடலைக்கொடி, முள்ளங்கித் தழை, வாடிப்போன கீரைத்தண்டு, எதைப் போட்டாலும் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். போடாவிட்டால் சும்மா இருக்கும்.

ஒரு நாள் பந்தி நேரத்தில் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிரித்தார்.

"கேக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. இன்னைக்கு முதல் இலை இவனுக்குத்தான்."

கூடத்தின் முதல் இடத்தில் ஒரு சின்ன இலையைப் போட்டு, ஒரு கைப்பிடிப் புல்லை வைத்தார். முயல் வந்து தின்றது. எல்லோரும் சிரித்தார்கள். திருமேனியும் சிரித்தார். ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்.

அன்றோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. மறுநாளும் முதல் இலை முயலுக்கே விழுந்தது. அதற்கு மறுநாளும். அதைப் பார்ப்பதற்கென்றே ஊரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "பாத்தீங்களா, சாமியார் முயலு" என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

முயலைப் பார்த்து ஒரு மனுஷனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். வந்தது. அப்படியே வயிறு எரிந்தது அவருக்கு. பாகற்காயைத் தின்றவன் நான், உப்பு ரசத்தைக் குடித்தவன் நான், புல் தின்கிற பிராணி புல்லைத் தின்றதற்கு முதல் இலையா? அதற்கு நாக்கு ருசி என்ன தெரியும்? நல்லதைக் காட்டிப் பார்க்கட்டும், அப்போது தெரியும் அதன் வண்டவாளம்!

மனதுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டே, அன்று தன் இலையில் விழுந்த வாழைப்பழத்தில் பாதியை மடியில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் கூண்டுக்குள் நீட்டினார். மொச்சை மோந்து பார்த்தது. ஒரு கடி கடித்தது. அப்புறம் அவர் விரலையும் சேர்த்து நக்கியது.

"நல்லா இருக்கா?" என்றார் திருமேனி.

வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கலில் இருந்த திராட்சை. கிருத்திகைக்கு வந்த பஞ்சாமிர்தம். தினம் ஒரு பாதிப் பழம். எல்லாம் மடியில் ஏறி, கூண்டுக்குள் இறங்கின. இலையில் விழுந்ததைத் தின்னாமல் எடுத்துப்போவதும் விதியை மீறியதுதான் என்று அவருக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. திருமேனிக்கு வாழைப்பழம் என்றால் உயிர். அதையும் விட்டுக்கொடுத்துத்தான் இந்த வேலையைச் செய்தார்.

ஒரு தடவை தியானத்தில் உட்கார்ந்திருக்கும்போது மடியில் எறும்பு ஏறி இடுப்பைக் கடித்துப் பிடுங்கியது. அவர் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய உறுதியைப் பார்த்து வியந்தார்கள்.

முயல் அவர் நினைத்தபடியே கெட்டது. புல்லைப் பார்த்தால் திரும்பிக்கொண்டது. முதல் இலையில் வைத்த புல் அப்படியே கிடந்து வாடியது. வந்த ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் திருமேனி கவலையான குரலோடு அம்மாவிடம் போய் நின்றார். முயலிடமிருந்து இலை தன் பக்கம் திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு.

ஆனால் அம்மா காரணம் கேட்டுவிட்டார். ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்?

"அம்மா, வெயில்தான் காரணம்னு நெனைக்கிறேன். கூண்டு மேல ஓட்டுச் சூடு இறங்குது."

"அப்படியா?"

அன்றே அம்மா கூண்டைத் தூக்கித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார். இடம் போதாததால் தன் பாயை வெளியே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

திருமேனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. முயல் உள்ளே படுத்திருந்தது.

அடுத்த நாள் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டினார். பழத்தில் பாதி இல்லை, முழுசும் போனது.

"அறைக்குள்ள வச்சும் தின்னல திருமேனி. வேற என்னவா இருக்கும்?"

"புல்லு முத்திப்போச்சும்மா. எளசா இருந்தா தின்னும்."

மறுநாள் விடிந்ததும் அம்மாவே ஓடைக்கரைக்குப் போனார். பனி ஈரத்தில் குனிந்து குனிந்து இளம் அறுகம்புல்லாகப் பார்த்துப் பறித்து, மண் போக அலசி, முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்தார். கூண்டின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக நீட்டினார்.

"சாப்பிடுடா தங்கம். ஒரு வாய்."

தங்கம்! திருமேனிக்குக் காது கொதித்தது. வயிற்றுவலியில் அவர் சுருண்டு கிடந்தபோதுகூட அம்மா அவருக்கு ஒரு வாய் கஞ்சி நீட்டியதில்லை. "பரிமளம், அவருக்குக் கஞ்சி கொடு" என்றார், அவ்வளவுதான். இந்த நாலு கால் பிராணிக்கு ஓடைக்கரைப் புல்லா? அதுவும் முந்தானையால் துடைத்து!

அவர் ஒவ்வொரு பொய்யாகச் சொல்லச் சொல்ல, முயலுக்குத்தான் ஒவ்வொரு மரியாதையாக ஏறிக்கொண்டு போனது. அதைக் கண்டு அவர் இன்னும் இனிப்பு கொடுத்தார். வெல்லக்கட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பரிமளம் கத்தினாள்.

"ஐயையோ, அம்மா! ஓடி வாங்க! மொச்சை எழுந்திருக்க மாட்டேங்குது!"

முயல் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

கூண்டைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். கால்நடை மருத்துவர் ஜெசிந்தா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுருக்கமாகப் பேசுகிற பெண். வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. வலியில கடிக்குது. குடல் ஓட்டமே இல்ல. இது புல்லு தின்னு கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்" என்றார் அம்மா. "எளசா பறிச்சுக் கொடுத்தேன். அதையும் தொடல."

"யாரு இனிப்பு கொடுக்கறது?"

கேட்டுக்கொண்டே முயலின் மோவாயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பழமோ வெல்லமோ யாரோ தினமும் கொடுத்திருக்கீங்க. மோவாயில பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு பாருங்க. இனிப்புக்குப் பழகினா புல்லைத் தொடாது. புல்லு போகலைன்னா குடல் நின்னுபோயிடும். என்ன கொடுத்தீங்க, எவ்வளவு, எத்தனை நாளா? அதைச் சொன்னாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும். இல்லைன்னா சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது."

எல்லோருடைய கண்ணும் பரிமளத்தின் பக்கம் திரும்பியது. பழமும் வெல்லமும் அவள் பொறுப்பில்தானே இருக்கின்றன.

"நான் இல்ல டாக்டரம்மா!" அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. "ஒரு திராட்சைகூட என் கையால கொடுத்ததில்ல. அம்மா, நீங்களாவது நம்புங்கம்மா! தாசில்தார் சார், நீங்க சொல்லுங்க சார், நான் அப்படிப்பட்டவளா?"

திருமேனி தன் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பேசாமல் இருந்தால் போதும். பழி அவள் மேல் போகும். இரண்டு நாள் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும். முயலும் போய்விடும். முதல் இடத்தில் மறுபடி அவர் உட்காரலாம். சொன்னாலோ, இத்தனை வருஷம் உப்பு ரசம் குடித்துச் சேர்த்த பேரெல்லாம் அந்த நிமிஷத்தோடு போய்விடும். இதெல்லாம் ஒரே நேரத்தில் அவர் மனதுக்குள் ஓடியது. யோசித்தாரே என்று அவரைத் திட்ட வேண்டாம். யோசிக்கத்தான் செய்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், காத்து வரட்டும்" என்றார் மருத்துவர்.

திருமேனி நகர்ந்தபோது அவர் வேட்டி கூண்டை உரசியது. சுருண்டு கிடந்த முயல் தலையைத் தூக்கியது. முழுசாகத் தூக்கவும் முடியவில்லை அதற்கு. தள்ளாடிக்கொண்டே இரண்டு அடி வந்து, கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியது. அம்மா கூப்பிட்டு வராதது, ஓடைக்கரைப் புல்லுக்கு வராதது, அவரிடம் வந்தது. அத்தனை பேர் நிற்கையில் அவர் ஒருவரைத்தான் தனக்கு வேண்டியவர் என்று நம்பி வந்தது.

திருமேனி அப்படியே கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்."

"என்ன சார்?"

"நான்தான் கொடுத்தேன். தினம் பாதி வாழைப்பழம். அப்புறம் முழுசு. திராட்சை, பஞ்சாமிர்தம், வெல்லம். கூண்டு அறைக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சேன். பரிமளத்துக்கு ஒண்ணும் தெரியாது."

பரிமளம் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"பாசத்துலயா சார் கொடுத்தீங்க?" என்று கேட்டார் மருத்துவர், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே.

"இல்ல" என்றார் திருமேனி. "பொறாமையில."

மருத்துவருக்குப் புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் புரிந்தது. சிலர் தரையைப் பார்த்தார்கள். அம்மா முயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டார் மருத்துவர். கீரையை மசித்துத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். வயிற்றை இதமாகத் தடவிவிடச் சொன்னார். இனிப்பு என்ற பேச்சே இருக்கக் கூடாது, புல் எந்நேரமும் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்றார்.

"மொதல்ல திரும்பித்தான் உக்காரும். நீங்க மனசு இளகிடக் கூடாது. பாவம், அதைச் சொல்லித் தப்பில்ல. பழக்கிவிட்டவங்க மேலதான் தப்பு."

பகல் முழுக்கத் திருமேனிதான் முயலை மடியில் வைத்திருந்தார். பழம் இருந்த அதே மடி. கீரைத் தண்ணீரை விடுவார், தடவுவார், மறுபடி விடுவார். பந்திக்குப் போகவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. பரிமளம் மட்டும் ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து ணங்கென்று பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வேட்டியில் ஒரு புழுக்கை விழுந்தது. அப்புறம் இன்னும் இரண்டு.

"அம்மா!" தாசில்தாராக இருந்தவர் குழந்தை மாதிரிக் கத்தினார். "அம்மா, போட்டுடுச்சு! போட்டுடுச்சும்மா!"

அம்மா வந்து பார்த்தார். கையிலிருந்த அறுகம்புல்லை முயலின் முன் வைத்தார். அது மோந்து பார்த்தது. திரும்பிக்கொண்டது. திருமேனியின் விரலை மோந்தது. அங்கே ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, வேறு வழியில்லாமல் ஒரே ஓர் இழையைக் கடித்தது.

திருமேனி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தப் பிராணியை இவ்வளவு தூரம் விட்டிருப்பேனா?"

"எனக்கு ஏதாவது தண்டனை கொடுங்க."

"டாக்டர் யாரு மேல தப்புன்னாங்க?"

"பழக்கிவிட்டவங்க மேலன்னாங்க. அதான் கேக்கறேன்."

அம்மா புல்லை இழை இழையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தினம் தினம் உங்களுக்கு முதல் இலை போட்டது யாரு, திருமேனி?"

"நீங்கதான்."

"அதைச் சட்டுனு ஒரு நாள் எடுத்து, முயலுக்குப் போட்டுட்டுச் சிரிச்சது யாரு?"

திருமேனி முயலின் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போய்க் கை கழுவுங்க. எறும்பு ஏறுது."

கிணற்றடியில் நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டபோதுதான் அந்தக் கேள்வி அவருக்கு உறைத்தது. புல்லை வெறுத்துத் திரும்பிக்கொண்டது மொச்சை மட்டும் இல்லை. அவமானமாக இருந்தது. இனிமேல் முதல் இலைப் பக்கமே போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். அந்த முடிவு அவருக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள்தான் முயலை மடியிலிருந்து இறக்கிவிட்டுப் பந்திக்கு வந்தார், எல்லோருக்கும் முன்னால். கூடத்தின் கடைசியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். முதல் இடம் காலியாகவே இருந்தது. அதில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அம்மா இலைக்கட்டோடு உள்ளே வந்தார். முதல் இடத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் போகவில்லை. அப்படியே திரும்பி, கடைசிக்கு நடந்து வந்து, திருமேனியின் முன்னால் குனிந்து ஓர் இலையைப் போட்டார். தண்ணீர் தெளித்தார்.

அன்றைக்கு விழுந்த முதல் இலை அது.

திருமேனி பதறிப்போனார். இரண்டு கையாலும் இலையைத் தள்ளினார்.

"ஐயோ, வேண்டாம்மா! எனக்கா? எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியா போடுங்க. முதல் இலை எனக்கு வேண்டவே வேண்டாம்."

மூலையில் மொச்சை முற்றிய கடலைக்கொடி ஒன்றை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். இலையை இழுத்து நேராக வைத்தார்.

"மொச்சை தேறிட்டான்" என்றார். "நீங்கதான் இன்னும் பொறுக்கிச் சாப்பிடறீங்க, திருமேனி."